அலுமினியப் படி இல்லாத படம்

அடுத்தவன் எலும்பை வெளிச்சத்தில் காட்டிவிட்டு, தான் இருட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற தொழில் ஒன்று உண்டென்றால் அது எக்ஸ்ரே எடுக்கிற தொழில்தான். இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கை ஊறி, நகமெல்லாம் பழுப்பேறிப் போன அண்ணன் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். மற்றவர்கள், "நல்ல காலம், நமக்கு இந்தப் பிழைப்பு வாய்க்கவில்லை" என்று நினைத்துக்கொண்டு படிக்கலாம்.

நான் தேவிகுளத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். மதுரையில் எக்ஸ்ரே வேலை படித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் கோபாலபுரம் எல்லை செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம் இருந்த ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இருபது கட்டில், ஒரு ஆபரேஷன் அறை, ஒரு டாக்டர். அவர் பாலக்காடு கல்பாத்தி ஆள். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் கல்பாத்தி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். என்னை டாக்டர் "சேவியரே" என்பார். ஊர் ஜனங்களுக்கு நான் படக்காரர்.

மோட்டாரும் முள்ளும்

எங்கள் எக்ஸ்ரே மிஷின் கரண்ட்டுக்குப் பிறந்த குழந்தை. கரண்ட் குறைந்தால் சோர்ந்து போகும். மிஷின் முகப்பில் ஒரு முள், ஒரு சிவப்புக் கோடு. குமிழைத் திருகி முள்ளைச் சிவப்புக் கோட்டில் நிறுத்திவிட்டுத்தான் பொத்தானை அமுக்க வேண்டும். முள் கீழே கிடக்கும்போது எடுத்தால் படம் வெளுத்துப் போகும். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத்தான் தெரியும். கெட்டி எலும்பு நல்ல வெள்ளை, இளகின எலும்பு சாம்பல் நிறம். கரண்ட் குறைவில் எடுத்தால் இளகின எலும்பும் கெட்டி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும்.

சுற்றிலும் தோட்டங்காடு. கரண்ட் வந்ததும் எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடுவார்கள், என் முள் படுத்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கவுண்டர் தோட்டம். அவர் மோட்டார்தான் எனக்கு முதல் எதிரி. ஒருநாள் பொறுக்க முடியாமல் வரப்பில் நடந்து போய், "ஒரு ஆளுக்கு இடுப்பெலும்பு படம் எடுக்கணும், ஒரு பத்து நிமிஷம் மோட்டாரை நிறுத்துங்க" என்று கேட்டேன். அவர் மண்வெட்டியால் மடையை மாற்றிவிட்டு, நிமிர்ந்து நிதானமாகச் சொன்னார்: "எலும்பு எங்கீங்க போகுது? நாளைக்கும் அங்கயேதான் இருக்கும். கரண்ட்டு அப்படி இருக்குங்களா?"

எத்தனாம் படி?

இந்தக் கரண்ட் கூத்தைத் தாங்க முடியாமல் டாக்டர் ஒரு யோசனை பண்ணினார். பொள்ளாச்சியில் ஒரு லேத்துப் பட்டறையில் சொல்லி அலுமினியத்தில் ஒரு சின்ன படிக்கட்டு செய்துகொண்டு வந்தார். விரல் நீளம், ஏழு படி. முதல் படி தகடு மாதிரி மெல்லிசு, ஏழாம் படி தடியன். படம் எடுக்கும்போது அதை எலும்புக்குப் பக்கத்தில் ஃபிலிமின் மேல் வைத்துவிட வேண்டும். படத்தில் ஏழு படியும் சாம்பலிலிருந்து வெள்ளை வரை வரிசையாக விழும். எலும்பு எந்தப் படியின் நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். கரண்ட் குறைந்தால் எலும்போடு சேர்ந்து படியும் வெளுக்கும், ஆகவே ஏமாற வழியில்லை. இடுப்பு உடைந்து வருகிற ஆளுக்கு டாக்டர் வைத்த சட்டம் இதுதான்: எலும்பு நாலாம் படிக்கு மேலே இருந்தால் ஸ்க்ரூ போட்டு முடுக்குவது, கீழே இருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது, மூன்று மாதம் தூளியில் தொங்கவிடுவது.

தூளி என்றால் பிள்ளைத் தூளி மாதிரிதான். கட்டிலுக்கு மேலே கம்பி கட்டி, கெட்டித் துணியில் இடுப்பைத் தூக்கித் தொங்கவிட்டு, காலுக்கு எடை கட்டுவது. அதில் கிடந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இந்தப் படிக் கணக்கு எப்படியோ வெளியே பரவி, கை சுளுக்கினவன்கூட "எம்பட எலும்பு எத்தனாம் படிங்க?" என்று கேட்க ஆரம்பித்தான். நல்லேப்பிள்ளிப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தருக்கு மூன்றாம் படி என்று டாக்டர் சொன்னார். மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்க சம்பந்தி நாலாம் படியாமுங்க. எனக்கு அஞ்சுன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க, கண்ணாலத்துல பேச்சு வரும்."

செக்போஸ்டில் என்ன சொல்வது

இடுப்பில் ஸ்க்ரூ போடுவது அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அபூர்வம். எங்கள் டாக்டர் துணிந்து செய்தார். முதல் ஆள் ஒரு லாரி கிளீனர், பொள்ளாச்சிப் பையன், லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். ஆறாம் படி எலும்பு. நான் ஆபரேஷன் அறைக்குள் சின்ன மிஷினைத் தள்ளிக்கொண்டு நடுவில் படம் எடுக்கப் போயிருந்தேன். ஸ்க்ரூ இறங்க இறங்க டாக்டரின் மணிக்கட்டு நரம்பு புடைத்தது. கடைசிச் சுற்றில் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. "கேட்டயா சேவியரே, இதாக்கும் நல்ல எலும்பு பேசற பேச்சு" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியதில்லை.

ஏழாவது வாரம் அவன் கம்பு ஊன்றி நடந்தான். ஊருக்குப் போகிற அன்று, தன் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரிந்த மூன்று ஸ்க்ரூவையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். லாரிக்காரனாயிற்றே, அவன் கவலை அவனுக்கு. "ஏனுங்க, இத இடுப்புல வெச்சுட்டு கேரளாவுலிருந்து நான் அந்தப் பக்கம் போறனில்லீங்க, செக்போஸ்டுல கேட்டா பில்லு காட்டோணுமுங்களா?"

மேசைக்கால்

இனிமேல் சொல்லப் போவதில் எனக்குச் சிரிப்பு வராது, உங்களுக்கு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் இருட்டறையில் தரை ஒரு பக்கம் சாய்வு. மருந்துத் தொட்டிகள் வைத்த மேசை ஆடும். தொட்டியைத் தொட்டால் மருந்து தளும்பிச் சட்டையில் கொட்டும். செங்கல் வைத்தேன், உயரம் அதிகம். அட்டையை மடித்து வைத்தேன், நனைந்து கூழாகிவிட்டது. ஒருநாள் கையிலிருந்த அலுமினியப் படியை மேசைக்காலுக்கு அடியில் தள்ளிப் பார்த்தேன். மூன்றாம் படியில் கால் உட்கார்ந்தது. மேசை அசையவில்லை. படம் எடுக்க வேண்டியபோது எடுத்துக்கொள்வது, முடிந்ததும் மறுபடி காலுக்கு அடியில் வைப்பது. லோகத்தில் எந்த எக்ஸ்ரேக்காரனும் இந்தக் காரியம் செய்திருக்க மாட்டான். நான் செய்தேன், கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

அப்போதுதான் மீனாட்சிபுரத்திலிருந்து வேலாத்தாளைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, விதவை, ஐந்து கறவை மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். தண்ணீர் காட்டும்போது ஒரு மாடு மிரண்டு, அவரைத் தொழுவத்துச் சுவரோடு சேர்த்து அமுக்கிவிட்டது. இடுப்பெலும்பு பின்பக்கம் மூட்டு விட்டுப்போய், முன்பக்கமும் உடைந்திருந்தது. அந்த வலியிலும் அந்தம்மா டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி, எப்போது எழுந்து நடப்பேன் என்று. ஸ்க்ரூ போட்டால் ஏழெட்டு வாரம், தூளி என்றால் மூன்று மாதம், அதற்குப் பிறகும் கம்பு வேண்டும் என்றார் டாக்டர். வேலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மூணு மாசமுன்னா எம்பட பையன் மாட்டையெல்லாம் வித்துப்போட்டு மில்லு வேலைக்குப் போயிருவானுங்க. மாடு போச்சுன்னா நான் அப்பறம் எந்திரிச்சு நடந்துதான் என்ன பண்றதுங்க?"

அழகான படம்

படம் எடுக்க அவரை என் அறைக்குக் கொண்டுவந்தபோது கூடவே பன்னிரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். படி எங்கே? மேசைக்காலுக்கு அடியில். தொட்டி நிறைய மருந்து. எடுத்தால் சாய்ந்து கொட்டும், முதலில் தொட்டியை இறக்க வேண்டும், பத்து நிமிஷ வேலை. அந்தம்மா பலகையில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை படி இல்லாமல் எடுத்தால் என்ன, முள்தான் சிவப்புக் கோட்டில் நிற்கிறதே என்று நினைத்தேன். சொந்தக்காரர்களை வெளியே விரட்டிவிட்டுத் திரும்பி வந்து, முள்ளைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கினேன். அமுக்கின பிறகு பார்த்தேன். முள் கீழே படுத்திருந்தது. ஆட்களை விரட்டின அந்த ரெண்டு நிமிஷத்துக்குள் மோட்டார்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

மறுபடி எடுத்திருக்க வேண்டும். அந்தம்மாவை இன்னொரு தடவை புரட்ட எனக்கு மனசு வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, எனக்குச் சோம்பல். படத்தை மருந்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் ஊறவைத்தேன். சுற்றுப்புறம் நன்றாகக் கறுத்தது, எலும்பு மட்டும் பளீரென்று வெள்ளையாக நின்றது. பார்ப்பதற்கு அவ்வளவு அழகான படம். டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும், "படி எங்கேடா?" என்றார். படத்துக்கு வெளியே விழுந்துவிட்டது என்றேன். "கரண்ட் எப்படி இருந்தது? சந்தேகமா இருந்தா இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றார். முள் சிவப்புக் கோட்டில் நின்றது என்று கூசாமல் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், வாய் துணிந்தவனுக்கு அது பெரிய வேலையே இல்லை. டாக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "அம்பத்தெட்டு வயசுக்கு நல்ல எலும்பாக்கும் இது. நீ சொன்னா சரி. ஸ்க்ரூ போட்டுடலாம்."

பிடிக்காத ஸ்க்ரூ

இந்த ஆபரேஷனுக்கும் நான் மிஷினைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டிரில் போட்டதும் எனக்கே தெரிந்தது. லாரிப் பையனுக்கு டிரில் முனகிக்கொண்டு இறங்கியது, இங்கே ஈர மண்ணில் குச்சியைக் குத்துவது மாதிரி சத்தமே இல்லாமல் உள்ளே போனது. டாக்டர் ஸ்க்ரூவைத் திருகினார். திருகத் திருகச் சுற்றிக்கொண்டே இருந்தது, இறுக்கம் வரவில்லை. கழற்றிவிட்டு நீள ஸ்க்ரூவாக ஒன்றைப் போட்டார். அதுவும் ஒரு நிமிஷம் பிடித்த மாதிரி இருந்து, கடைசிச் சுற்றில் வழுக்கியது. மாஸ்க்குக்கு மேலே டாக்டரின் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது, சிஸ்டர் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "சார், படம் தப்பு, கரண்ட் இல்லை, நிறுத்திடுங்க" என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அத்தோடு தைத்துவிட்டு நேராகத் தூளிக்கு மாற்றியிருப்பார், கூடுதலாக ஒரு ஆபரேஷன் மிச்சமாகியிருக்கும். நான் மிஷினின் ஒயரைச் சரிசெய்துகொண்டு நின்றேன். இருந்த ஸ்க்ரூவோடு டாக்டர் தைத்து மூடினார். கையுறையைக் கழற்றும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. என்னையும் சிஸ்டரையும் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னார்: "படத்தில கல்லு மாதிரி இருந்ததேடா. நான்தான் அதிகமாத் திருகிட்டேனோ?"

ரெண்டு படம்

மூன்றாவது வாரம் மறுபடி படம் எடுத்தேன். இந்தத் தடவை அலுமினியப் படியை முதல் வேலையாக எடுத்து வைத்தேன். மேசையாவது ஆடுவதாவது, ஆடிவிட்டுப் போகட்டும். ஸ்க்ரூ பின்வாங்கி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எலும்பு ரெண்டாம் படிகூட இல்லை.

டாக்டர் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். படுத்தே கிடந்ததில் எலும்பு இளகியிருக்குமோ என்று அவரே கேட்டு, மூன்று வாரத்தில் இவ்வளவு இளகுமா என்று அவரே மறுத்தார். பிறகு என்னைப் பார்த்து, அன்றைக்கு முள் நன்றாகத்தான் நின்றதா என்றார். பாருங்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா என்கிறார் மனுஷன். நான் உள்ளே போகவில்லை. "நின்னுச்சு சார்" என்றேன். அவர் விளக்கை அணைத்தார். என் மேல் துளிக்கூடச் சந்தேகம் இல்லாமல் சொன்னார்: "அப்போ கைதான் தப்பு. உன் படம் தப்பா இருந்தா நேக்கு எவ்வளவு நன்னாயிருந்திருக்கும்."

வேலாத்தாள் போன நாள்

ஸ்க்ரூவைக் கழற்ற ஒரு ஆபரேஷன், அதற்கப்புறம் மூன்று மாதம் தூளி. எது வேண்டாமென்று வேலாத்தாள் கெஞ்சினாரோ அதுவே வந்தது, ரெண்டு தடவை கத்தி பட்டதுதான் மிச்சம். நாலு மாடு போய்விட்டது. பையன் கோயமுத்தூர் மில்லுக்குப் போனான். மிச்சமிருந்த ஒன்றை மட்டும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்திருப்பதாக அந்தம்மா என்னிடம் சொன்னார். தினமும் அவருடைய வார்டைத் தாண்டித்தான் நான் டீ குடிக்கப் போக வேண்டும். நான் டீயை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற அன்று கம்பு ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து என் அறை வாசலுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். ஆனால் அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏனுங்க படக்காரரே, டாக்டரய்யா மொகத்தப் பாக்கவே முடியலீங்க. அவருக்கு இடுப்பு ஒடிஞ்சாப்பல இருக்கறாரு. நீங்க கூட இருக்கறவிய, ஒரு நல்ல வார்த்த சொல்லப்படாதுங்களா?"

ஊர்க்காரன்

அதற்கப்புறம் டாக்டர் ஸ்க்ரூ பெட்டியைத் தொடவில்லை. இடுப்பு உடைந்து யார் வந்தாலும் தூளிதான். அந்த வருஷம் எங்கள் தேவிகுளத்துத் தோட்டத்திலிருந்து ஞானமுத்துவைக் கொண்டுவந்தார்கள். இருபத்தாறு வயது, தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆள். ஜீப் கவிழ்ந்து அடியில் மாட்டிக்கொண்டவன். கல்யாணமாகி ஆறு மாதம். கூட வந்தது அவன் மனைவி புஷ்பம். மறையூர் வழியாக மலையிறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று ஒரு நாள் முழுக்க வண்டியில் வந்திருந்தார்கள். புஷ்பம் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். அவளுக்குத் தோட்டத்தில் நிரந்தர வேலை இல்லை, ஞானமுத்துவின் பெயரில்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. அவன் மலையேறி வேலை செய்ய முடியாமல் போனால் பேரை வெட்டிவிடுவார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். "அண்ணே, இரும்பு ஆணி போட்டா சீக்கிரம் நடந்துரலாமாமே. டாக்டர்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

படத்தில் எலும்பு ஆறாம் படியையும் தாண்டி நின்றது. இடுப்பு ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. தூளியும் எடையும் போட்டால் அது முழுசாக இறங்காது என்று எனக்கே தெரியும். படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "இது ஸ்க்ரூ பிடிக்கிற எலும்பு சார், லாரிப் பையனைவிடக் கெட்டி" என்றேன். ஒரு எக்ஸ்ரேக்காரன் டாக்டருக்கு யோசனை சொல்வது அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் தடவை. அவர் கோபிக்கவில்லை. படத்தை ஒரு நிமிஷம் ஆசையோடு பார்த்தார், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். "படி சொல்றதை நான் நம்பறேன் சேவியரே. என் கையைத்தான் நம்பலை. தூளி போட்டுடு."

இருபத்திமூன்றாம் நாள்

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எனக்கும் தெரியாமலில்லை. புதிதாக உடைந்த எலும்பை ரெண்டு வாரத்துக்குள் பிரித்துச் சேர்க்கலாம், அதற்குமேல் அது கிடந்த இடத்தில் ஒட்ட ஆரம்பித்துவிடும். அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவருக்கும் தெரிந்த விஷயம் இது. தினமும் காலையில் குளிக்கும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்வேன். டாக்டர் அறை வாசலுக்குப் போவேன். ஒருநாள் உள்ளே ஆள் இருக்கும், ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு களைத்துப் போய் இருப்பார், ஒருநாள் ஒரு தடையும் இருக்காது, அன்றைக்குத்தான் பயம் அதிகமாக இருக்கும். வேலை போய்விடும் என்கிற பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இப்படியே இருபத்திரெண்டு நாள் ஓடியது.

இருபத்திமூன்றாம் நாள் ஞானமுத்துவுக்குப் படம் எடுத்தேன். இடுப்பு ஏறினது ஏறினபடி ஒட்டத் தொடங்கியிருந்தது. அந்த ஈரப் படத்தோடு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேசைக்கால், படி, முள், மருந்தில் ஊறவைத்தது, மூன்று பொய், எல்லாம். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் ஞானமுத்துவின் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேலாத்தாளுக்கு நடந்தது என் கைத்தப்பு இல்லைன்னு சொல்றே. நேக்கு நிம்மதி வரணும், வரலை. இவனுக்கு நடந்தது தப்பு. பத்து நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தாகூட இவனை நான் ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோயிருப்பேன். வேலையை விட்டு உன்னை நிறுத்தலை, ஆனா இவன்கிட்டே நீயே போய்ச் சொல்லணும்."

போனேன். புஷ்பம் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். தூளியில் தொங்கிக்கொண்டு ஞானமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு சொன்னேன். கால் ஒன்று கட்டையாகிவிடும், மருந்து டின்னைச் சுமந்துகொண்டு இனி மேடேற முடியாது, இதெல்லாம் என்னால் என்று சொன்னேன். கால் எவ்வளவு கட்டையாகும் என்று கேட்டான். ரெண்டு விரற்கடை என்றேன். அவன் மறுபடி கூரையைப் பார்க்க ஆரம்பித்தான். நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். வராந்தாவில் புஷ்பத்தின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் என் கையைப் பிடித்து இழுத்து, அவசரமாகச் சொன்னான்: "அவட்ட மட்டும் சொல்லிராதீகண்ணே. எல்லாரும் கோட்டயம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாக. நம்ம ஊர்க்காரரு உள்ள இருக்காரு, நம்மளப் பாத்துக்கிடுவாருன்னு அவதான் பிடிவாதமா இங்க கொண்டாந்தா."

மறு வருஷம் லயத்து வீடு போய் உடுமலைப்பேட்டைக்குக் குடிவந்துவிட்ட புஷ்பம், அண்ணன் செய்த உதவிக்கென்று கிறிஸ்துமஸ் தோறும் ஒரு டப்பா முறுக்குக் கொடுத்தனுப்புகிறாள். என் உத்தியோக காலம் முழுவதிலும் சொன்னதைச் சொன்னபடி நான் ஒழுங்காகச் செய்துவருகிற ஒரே காரியம், அதை ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்வதுதான்.